நெயில் ட்ரில் மெஷினைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி? பார்லரில் வேலை செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"மெஷின் போட்டா நகம் மெலிசாயிடுது, கையாலேயே ராவி விடுங்கக்கா" என்று சொல்லும் கஸ்டமரைப் பார்க்காத நகக்கலைஞர் இருக்க முடியாது. அவர் சொல்வதில் பாதி உண்மை. காகிதம்போல வளையும் நகங்களோடு பார்லருக்கு வருகிறவர்கள் ஏராளம். ஆனால் பூச்சை எடுக்க வேண்டிய பிட்டை, அதாவது மெஷினின் முனையில் சுழலும் அரத்தை, நகத்துக்குள் இறக்கியது கைதான், மெஷின் தானாக இறங்குவதில்லை. கை அரத்தாலும் இதே சேதத்தைச் செய்யலாம், நேரம் மட்டும் கூடுதலாகும். மெஷினில் அது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

கைவிரல் நகத்தகட்டின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதுவும் உயிரற்ற கெரட்டின் அடுக்குகள், ராவிய இடம் தானாக நிரம்பாது. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து பழையதை வெளியே தள்ள வேண்டும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதில் பாதி. ஆகவே ஒரு நிமிட அவசரத்தில் போன தடிமன் கையில் திரும்பிவர ஏறத்தாழ 6 மாதம், காலில் ஒரு வருடத்துக்கும் மேல்.

இனி வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கணக்குதான்: மெஷின் வெட்ட வேண்டியது நாம் நகத்தின்மேல் பூசியதை. நகத்தை அது எவ்வளவு குறைவாகத் தொடுகிறதோ அவ்வளவு நல்லது. இது பார்லரில் வேலை செய்பவர்களுக்கும் நேரில் ஒருவரிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் எழுதியது. வீட்டில் தன் நகத்துக்குத் தானே போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கு அல்ல.

மெஷின் வாங்கும்போது

தொழில்முறை மெஷின்கள் நிமிடத்துக்கு 30,000 முதல் 35,000 சுற்றுவரை போகும். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் இந்த எண்ணைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். அந்த உச்ச வேகம் நமக்குத் தேவைப்படுவது அபூர்வம். பார்க்க வேண்டியது வேறு இரண்டு.

முதலாவது அதிர்வு. நல்ல பிட் ஒன்றைப் பொருத்தி ஓடவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சத்தில் பாருங்கள். பிட்டின் ஓரம் கூர்மையான கோடாகத் தெரிய வேண்டும். மங்கலாக, அகலமாகத் தெரிந்தால் பிட் மையம் தவறிச் சுற்றுகிறது. அப்படிச் சுற்றும் பிட் நகத்தை ராவாது, நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை தட்டும். கஸ்டமருக்கு அது வலியாகவும் உங்களுக்கு மாலையில் மணிக்கட்டு உளைச்சலாகவும் தெரியும். இன்னொரு நல்ல பிட்டை மாற்றிப் போட்டும் அப்படியே இருந்தால் கோளாறு ஹேண்ட்பீஸில், அதாவது கையில் பிடிக்கும் பகுதியில். கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது முறுக்குவிசை, டார்க் என்கிறோமே அது. மலிவான பேனா வடிவ யுஎஸ்பி மெஷின்கள் காற்றில் ஜோராகச் சுற்றும், அக்ரிலிக் போன்ற கெட்டிப் பூச்சின்மேல் வைத்ததும் திணறும். திணறுகிற மெஷினைக் கை தன்னையறியாமல் அழுத்தும். சேதம் தொடங்குவது அங்கேதான். பாலிஷ் அடிக்கும் சில்லறை வேலைக்கு அவை போதும், நகத்தை நீட்டிக் காட்டும் எக்ஸ்டென்ஷனை எடுக்க வேண்டாம்.

மரவேலை ட்ரில்லை நகத்துக்குப் பயன்படுத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. நம் ஊரில் அதைவிடப் பொதுவான கண்ணி ஒன்று உண்டு. நக பிட்டின் தண்டு 2.35 மில்லிமீட்டர். நகைப் பட்டறையிலும் பல் லேபிலும் பயன்படுத்தும் பல பிட்டுகளுக்கும் அதே அளவுதான். நகைக் கருவிகள் விற்கும் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், நம் ஹேண்ட்பீஸிலும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அவை உலோகத்தையும் பல்செட்டையும் செதுக்கச் செய்தவை. நுனியும் விளிம்பும் கூராக இருக்கும், தோலில் பட்டால் கிழிக்கும். நகத்துக்கென்று செய்த பிட்டில், முக்கியமாக நகத்தின் அடியோரத்தில் ஒட்டியிருக்கும் க்யூட்டிகிள் படலத்தின் பக்கம் போகும் பிட்டில், மேல்முனை உருட்டி மழுக்கியிருக்கும். சேஃப்டி பிட் என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த பிட், எதற்கு

கார்பைட் பிட்டில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அது சீவும். அதனால்தான் அதன் கழிவு சுருள் சுருளாகவும் துகளாகவும் விழுகிறது, தூசி ஓரளவு குறைவு. அக்ரிலிக், ஜெல், பில்டர் ஜெல் எடுக்க இதுதான் வேலைக்காரன். இயற்கை நகத்தின்மேல் வைக்கவே கூடாததும் இதுதான்.

டைமண்ட் பிட்டில் உலோகத்தின்மேல் வைரத்துகள் ஒட்டியிருக்கும். அது சுரண்டும், மாவுபோல மெல்லிய தூசி வரும். நயமான ரகம் க்யூட்டிகிள் வேலைக்கும் நகத்தைச் சுற்றிய காய்ந்த தோலுக்கும். செராமிக் பிட்டும் கார்பைட் போலவே பூச்சு எடுக்கத்தான், ஆனால் கீழே விழுந்தால் விரிசல் விடும். விரிசல் விட்டதைச் சுழற்றினால் துண்டு பறக்கும், அதனால் விழுந்த செராமிக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் மறுபடி மாட்டாதீர்கள். ரப்பர் தண்டின்மேல் மாட்டும் உப்புத்தாள் வளையம், அதாவது சாண்டிங் பேண்ட், ஒரு கஸ்டமருக்கு ஒன்று. கழுவ முடியாது, கிருமிநீக்கமும் செய்ய முடியாது. வேலை முடிந்ததும் குப்பைக்கூடை. அதைத் தூக்கிப் போட மனம் வராதவர் அந்த விலையைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.

பிட்டின் கழுத்தில் உள்ள நிற வளையம் கரகரப்பைச் சொல்லும். மஞ்சள் மிக நயம், சிவப்பு நயம், நீலம் நடுத்தரம், பச்சை கரடு, கறுப்பு மிகக் கரடு. பெரும்பாலும் இந்த வரிசைதான். ஆனாலும் இரண்டு கம்பெனிகளின் நீலம் ஒன்றுபோல வெட்டாது. புதுப் பிட்டை முதலில் ஒரு பிளாஸ்டிக் டிப்பில் (ஒட்டுநகத்தில்) ஓட்டிப் பார்த்துவிட்டே கஸ்டமரின் கைக்குக் கொண்டுபோங்கள்.

ஆன்லைனில் 30 பிட் செட் பார்த்து மயங்க வேண்டாம். தொடக்கத்துக்கு நான்கு போதும்: பூச்சு எடுக்க நடுத்தரக் கார்பைட் ஒன்று, க்யூட்டிகிளை ஒட்டிய இடத்துக்கு நயமான கார்பைட் சேஃப்டி பிட் ஒன்று, காய்ந்த தோலுக்குச் சிவப்பு வளைய, தீச்சுடர் வடிவ டைமண்ட் ஃப்ளேம் ஒன்று, குதிகாலுக்குத் தொப்பி வடிவ சாண்டிங் கேப் ஒன்று. இவை ஒவ்வொன்றிலும் பல பிரதிகள் வைத்திருங்கள். உலோகப் பிட் ஒன்று கிருமிநீக்கத்தில் ஊறும்போது அடுத்த கஸ்டமருக்கு இன்னொன்று வேண்டுமே.

வேகத்தைவிட அழுத்தமே ஆபத்து

புதிதாகக் கற்பவர்கள் பயத்தில் வேகத்தைக் குறைப்பார்கள். வேலை நகராது, உடனே அழுத்துவார்கள். குறைந்த வேகத்தில் அழுத்தினால் பிட் பூச்சைக் கடித்து இழுக்கும், துள்ளும், தோலில் ஏறும். பொருளுக்கு ஏற்ற வேகம் வைத்து, ஹேண்ட்பீஸின் எடையைத் தவிர வேறு எந்தப் பாரமும் கொடுக்காமல் ஓட்டினால் அதே பிட் சொன்னபடி கேட்கும்.

தொடக்க அளவுகளாக இவற்றை வைத்துக்கொள்ளலாம், எல்லாம் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு. க்யூட்டிகிள் வேலைக்கு 3,000 முதல் 6,000. ஜெல் பாலிஷ் எடுக்க, கற்பவருக்கு 10,000 முதல் 15,000. கை பழகியவர் 20,000 வரை போவார். அக்ரிலிக்கின் தடிமன் குறைக்க 15,000 முதல் 25,000. பிட் தயாரிப்பாளர் உச்ச வேகம் குறிப்பிட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

பலர் கவனிக்காத ஒரு கணக்கும் இதில் உண்டு. ஒரே வேகத்தில் சுற்றினாலும், 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிட்டின் விளிம்பு 2 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடும். பிட் பெரிதாகப் பெரிதாக வேகத்தை இறக்குங்கள். சின்ன உருண்டைப் பிட்டில் இதமாக இருந்த எண், குதிகால் கேப்பில் சூடாகச் சுடும்.

அழுத்துகிறோமா என்று காது சொல்லிவிடும். மோட்டாரின் ஓசை சீராக இருந்தால் சரி. வைத்ததும் சுருதி இறங்கினால் அழுத்தம் அதிகம், அல்லது பிட் மழுங்கிவிட்டது. வேலை செய்யும்போது ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பிடிப்பும் திசையும்

பென்சில் பிடி. அதைவிட முக்கியம் சுண்டுவிரல்: அது எப்போதும் கஸ்டமரின் கையிலோ உங்கள் இன்னொரு கையிலோ ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றாத கை நடுங்கும், கஸ்டமர் திடுக்கென்று அசைந்தால் பிட் தனிவழி போகும். மற்றக் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கஸ்டமரின் விரலை இருபுறமும் பற்றி, பக்கத் தோலைச் சற்றுக் கீழே இழுத்துப் பிடிக்கட்டும்.

பிட்டின் உடல் நகத்தோடு படுத்தாற்போல இருக்க வேண்டும். நுனியைக் குத்தி, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் முழுச் சுமையும் ஒரு விளிம்பில் விழும். க்யூட்டிகிள் அருகே பிறை வடிவில் சிவந்த பள்ளங்கள் விழுவது இப்படித்தான். ஆங்கிலம் பேசும் நகக்கலைஞர்கள் 'ரிங்ஸ் ஆஃப் ஃபயர்' என்பார்கள். பூச்சு போட்டபின் மறைந்திருக்கும், அடுத்த முறை எடுக்கும்போது பல்லிளிக்கும். நகம் வளைந்த பரப்பு, ஆகவே நீங்கள் பிட்டைச் சாய்ப்பதைவிட கஸ்டமரின் விரலை உருட்டிக்கொடுப்பது எளிது.

திசைக்கு வருவோம். வலக்கைக்காரர் மெஷினை ஃபார்வர்டில் வைத்தால் வலமிருந்து இடமாக ராவ வேண்டும். காரணம் இது: பின்னாலிருந்து பார்த்தால் பிட் கடிகாரத் திசையில் சுற்றுகிறது, நகத்தைத் தொடும் அடிப்பக்கம் இடப்புறம் ஓடுகிறது. அதனால் பிட் தானாகச் சக்கரம்போல வலப்புறம் உருளப் பார்க்கும். நீங்கள் அதை எதிர்த்து இடப்புறம் கொண்டுபோகும்போது கட்டுப்பாடு உங்களிடம் இருக்கிறது. அது போகும் திசையிலேயே போனால் வழுக்கி ஓடித் தோலில் ஏறும். இடக்கைக்காரர் ரிவர்ஸில் வைத்து இடமிருந்து வலம். ஒருவழிப் பள்ளம் வெட்டிய கார்பைட் ரிவர்ஸில் வெட்டாது, இடக்கைக்காரர்கள் இருவழிப் பிட் கேட்டு வாங்க வேண்டும். மெஷின் நன்றாக ஓடியும் வெட்டவே மாட்டேன் என்கிறதா? அழுத்துவதற்கு முன் ஃபார்வர்ட்-ரிவர்ஸ் பொத்தானைப் பாருங்கள், பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும்.

ஒரு இழுப்பு, தூக்கு, மறுபடி முதலிலிருந்து. முன்னும் பின்னும் அரக்குவது வேண்டாம். ஒரே இடத்தில் ஒரு நொடிக்குமேல் நின்றால் உராய்வுச் சூடு நகத்தகட்டின் வழியே கீழே இறங்கிவிடும். அடியில் நரம்புகள் நிறைந்த நகப்படுக்கை இருக்கிறது. கடும் சூடும் அதிர்ச்சியும் நகம் படுக்கையிலிருந்து பிரிந்து எழும்பவும் காரணமாகலாம்.

கை வைக்கும் முன் பார்க்கவும் கேட்கவும் வேண்டியவை

"சுகர் இருக்காம்மா?" என்ற கேள்வி முதலில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இந்தியாப்' என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். உங்கள் நாற்காலியில் உட்காருபவர்களில் சிலருக்கு நிச்சயம் இருக்கும். நாட்பட்ட சர்க்கரையில் பாத உணர்ச்சி மங்கும். சுட்டாலும் கிழிந்தாலும் அவருக்குத் தெரியாது, ரத்த ஓட்டம் குறைந்த காலில் சின்னக் கீறலும் ஆறாத புண்ணாகலாம். கையில் பூச்சு எடுப்பதை எச்சரிக்கையோடு செய்யலாம். காலில் மெஷின் வைக்க வேண்டாம், மருத்துவர் அனுமதித்திருந்தால் ஒழிய. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், கீமோதெரபியில் இருப்பவர், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர் இவர்களிடமும் இதே கவனம். ஐசோட்ரெட்டினாயின் தோலை மெல்லியதாக, எளிதில் கிழிவதாக ஆக்கும்.

பிறகு நகத்தைப் பாருங்கள். நகச்சுத்தி வந்து வீங்கிச் சிவந்திருந்தால் தொடாதீர்கள். தடித்து, மஞ்சளாகி, உதிரும் கால் நகம் பூஞ்சையாக இருக்கலாம். அதை மெஷினில் ராவினால் தூள் அறை முழுக்கப் பறக்கும். நகத்தில் புதிதாகத் தோன்றிய கருங்கோடு, அகலமாகிக்கொண்டே வரும் கருமை ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவர்தான். நம்மிடையே இது பெரும்பாலும் சாதாரண நிறக்கோடுதான், ஆனாலும் தோல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம், அதைப் பார்த்துச் சொல்லும் இடம் பார்லர் இல்லை.

மருதாணி வைத்த நகத்தோடு வருபவர்கள் நம்மூர் விசேஷம், கல்யாண சீசனில் கேட்கவே வேண்டாம். மருதாணிச் சாயம் கெரட்டினோடு ஒட்டிப் பிணைந்துவிடும், வளர்ந்து போனால்தான் போகும். "இந்த ஆரஞ்சைக் கொஞ்சம் ராவி எடுத்துடுங்க" என்று கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். சாயம் போகும்முன் நகம் போய்விடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மருதாணிச் சிவப்பு, நகம் சிவந்து எரிவதை மறைத்துவிடும். நிறத்தை நம்பாமல், நொடிக்கொரு முறை அவரிடம் கேட்டே வேலை செய்யுங்கள்.

தூசி, முடி, முந்தானை

மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, கீழே ஜெல்லை ராவுவது நம் பார்லர்களில் சாதாரணக் காட்சி. தூசி உறிஞ்சி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த ஃபேனுக்கு முன் அது தோற்கும். ராவும் நேரத்திலாவது மேசைக்கு மேலுள்ள ஃபேனை நிறுத்துங்கள். உறிஞ்சியை கஸ்டமரின் விரலுக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள்.

மருத்துவமனையில் போடும் நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் இந்த நுண்தூசியைத் தடுக்காது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா நகக்கலைஞர்களுக்கென்றே வெளியிட்ட கையேடு தூசிக்கு என்-95 மாஸ்க்கைத்தான் பரிந்துரைக்கிறது. மூக்கின்மேல் கம்பியை அழுத்தி, இடைவெளி இல்லாமல் போட வேண்டும். கண்ணாடியும் போடுங்கள், பிட் உடைந்தால் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

சரியாக உறையாத ஜெல்லின் தூசி தோலில் படிந்தால் அக்ரிலேட் ஒவ்வாமை வரலாம். விரல்நுனி அரிப்பு, வெடிப்பு, இமை வீக்கம் என்று தொடங்கும். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும், தொழிலை விட்டவர்களும் உண்டு. இதே வகைப் பொருள்கள் பல் மருத்துவத்திலும் இருப்பதால் சிக்கல் பார்லரோடு முடிவதும் இல்லை. கையுறை, முழுக்கை, மேசையை ஈரத்துணியால் துடைப்பது ஆகியவை வேண்டும். தூசியை வாயால் ஊதக் கூடவே கூடாது.

சுழலும் பிட்டில் முடி சிக்கினால் நொடியில் வேரோடு சுருட்டிவிடும். உங்கள் பின்னலைச் சுருட்டிக் கொண்டையாகப் போடுங்கள். முந்தானை, துப்பட்டா முனை இடுப்பில் செருகியிருக்கட்டும். குனிந்து பார்க்கும் கஸ்டமரின் முடியையும் பின்னால் தள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் தன் நகத்தை எட்டிப் பார்க்காத கஸ்டமர் கிடையாது.

ஜெல் பாலிஷ் எடுப்பது: படிப்படியாக

1. இருவரும் கை கழுவித் துடைத்து, முழுக்க உலரட்டும். எண்ணெய், கிரீம் எதுவும் வேண்டாம், பிட் வழுக்கும்.

2. நகம் நீளமாக இருந்தால் முதலில் வெட்டிக் குறையுங்கள். நீண்ட நுனி அதிர்ந்தால் நகப்படுக்கை வலிக்கும்.

3. மெஷின் நின்றிருக்கும்போது மட்டும் பிட்டை மாட்டி, பூட்டை இறுக்குங்கள். காற்றில் சில நொடி ஓட்டி, ஆட்டம் இல்லை என்று பாருங்கள்.

4. நடுத்தரக் கார்பைட்டோடு நகத்தின் நடுவில் தொடங்குங்கள். நடுப்பகுதி முடிந்தபின் இரு பக்கங்கள். க்யூட்டிகிளிலிருந்து 2 மில்லிமீட்டர் தூரத்தை இந்தப் பிட் தொடக் கூடாது.

5. இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பாருங்கள். தூசி மூடிய நகத்தில் எங்கே நிறம் இருக்கிறது, எங்கே நகம் இருக்கிறது என்று தெரியாது.

6. தூசியின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்புப் பூச்சென்றால் முதலில் மேல்பூச்சான டாப் கோட்டின் வெண்தூசி, பிறகு சிவப்புத் தூசி. சிவப்பு வெளிறத் தொடங்கும்போது அடிப்பூச்சான பேஸ் கோட்டை அடைந்துவிட்டீர்கள்.

7. அங்கே நிறுத்துங்கள். கண்ணாடிபோல மெல்லிய பேஸ் கோட் படலம் நகத்தின்மேல் இருக்கட்டும். அங்கங்கே நிறப்புள்ளி மிஞ்சினால் கை அரத்தால் தொட்டு எடுங்கள்.

8. நயமான சேஃப்டி பிட்டுக்கு மாறி, வேகத்தைக் குறைத்து, க்யூட்டிகிளை ஒட்டிய விளிம்பை எடுங்கள். தூக்கிக்கொண்டு நிற்கும் ஜெல் இருந்தால் அதையும் இப்போதே எடுங்கள். அதன் அடியில்தான் ஈரம் தேங்கும்.

இந்த 7-ஆவது படிதான் கற்பிக்கவே கடினமானது. சுத்தமாக எடுத்தால்தான் திறமை என்று நினைக்கும் கைக்கு, மிச்சம் வைப்பது அரைகுறை வேலையாகத் தோன்றும். புதுப் பூச்சு அந்தப் படலத்தின்மேல் நன்றாகவே ஒட்டும். மறுபடி ஜெல் வேண்டாம், வெறும் நகமாக விடுங்கள் என்று கஸ்டமர் சொன்னால் மிஞ்சிய படலத்தை அசிட்டோன் பஞ்சு வைத்து 10, 15 நிமிடம் ஊறவைத்து, மரக்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். வராவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள், சுரண்டாதீர்கள். ஹார்ட் ஜெல் அசிட்டோனில் கரையாது. அதை மெலிதாக்கி விட்டுவிட்டு, வளர வளர வெட்டச் சொல்வதே வழி.

"சுடுதா?" என்று நீங்களே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நம் கஸ்டமர்கள் நாகரிகம் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். விரல் லேசாகப் பின்வாங்கினால் அதுவே பதில்.

அக்ரிலிக்குக்கும் இதே முறைதான், தடிமன் அதிகம் என்பதால் கரட்டுப் பிட்டும் கூடுதல் வேகமும் தேவைப்படும். கல்போல ராவ வராமல், அசிட்டோனிலும் அசையாமல், மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருந்த அக்ரிலிக் என்றால் எம்.எம்.ஏ. (மெத்தில் மெத்தாக்ரிலேட்) திரவத்தில் செய்ததோ என்று சந்தேகப்படலாம். நகத்துக்கான எம்.எம்.ஏ. திரவத்துக்கு எதிராக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1970-களிலேயே நடவடிக்கை எடுத்தது. இன்னும் மலிவுச் சந்தையில் உலவுகிறது. நகத்தோடு இறுகப் பிடித்திருக்கும் என்பதால் பிய்த்தெடுக்கப் பார்க்காதீர்கள், மெதுவாக ராவிக் குறையுங்கள்.

க்யூட்டிகிள் வேலை

மெஷினால் க்யூட்டிகிளை எடுக்கும் ரஷ்ய மேனிக்யூர் வீடியோக்கள் பார்த்துவிட்டு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நகத்தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய, உயிரற்ற படலம் எடுக்க வேண்டியது. அதற்குப் பின்னால் தடிப்பாக இருக்கும் தோல்மடிப்பு உயிருள்ளது, நகம் பிறக்கும் இடத்துக்கு அதுதான் காவல். அதை வெட்டினால் படம் அழகாக வரும், பின்னாலேயே நகச்சுத்தி வரலாம்.

உலர்ந்த தோலில் மட்டும் செய்யுங்கள். ஊறிய தோல் உப்பியிருக்கும், எது எடுக்க வேண்டியது என்று தெரியாது. சிவப்பு வளைய ஃப்ளேம் பிட், குறைந்த வேகம். ஃபார்வர்டில் வலமிருந்து இடம், ரிவர்ஸில் இடமிருந்து வலம் என்று திசையை மாற்றி இரு மூலைகளையும் முடிக்க வேண்டும். எப்போதும் பிட் உருள விரும்பும் திசைக்கு எதிராகவே கை போகும். இதை மட்டும் எழுத்தைப் படித்துக் கற்காதீர்கள், யாராவது உங்கள் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

பெடிக்யூரில்

பலரும் முதலில் காலை ஊறவைத்துவிட்டு மெஷினை எடுக்கிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். காய்ந்த தோலில்தான் கேப் சீராக ராவும், எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்றும் தெரியும். ஊறிய தோல் திரிதிரியாக உருண்டு வரும், அதைப் பார்த்து இன்னும் இருக்கிறது என்று நினைத்து ஆழமாகப் போய்விடுவோம். மெஷின் வேலை முடிந்தபின் காலைக் கழுவினால் போதும்.

தொட்டியில் ஊறவைப்பதிலேயே ஆபத்து உண்டு. 2000-ஆம் ஆண்டு வட கலிஃபோர்னியாவில் ஒரே நகப் பார்லரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கட்டிகள் வந்தன. சுழல்நீர்த் தொட்டியின் வடிகட்டிக்குப் பின்னால் சேர்ந்திருந்த முடியிலும் தோல் கழிவிலும் ஒருவகை மைக்கோபாக்டீரியா பெருகியிருந்தது. அதற்குமுன் கால் முடியை ஷேவ் செய்துகொண்டு போனவர்களுக்குப் பாதிப்பு அதிகம். பெடிக்யூருக்கு முந்தின நாள் ஷேவ் செய்ய வேண்டாம் என்று அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பித்தவெடிப்பில் கேப்பை வெடிப்பின் குறுக்கே ஓட்டி, ஓரத் தடிப்பை மட்டும் தாழ்த்துங்கள். வெடிப்புக்குள் பிட்டை நுழைக்காதீர்கள், அங்கே அடுத்தது சதை. ஒரே நாளில் பட்டுப்போல ஆக்கவும் வேண்டாம். அளவுக்கு மீறி எடுத்தால் நடக்கும்போது எரியும், தோல் முன்னைவிடத் தடித்து வளரும். கொஞ்சம் விட்டுவைத்து, யூரியா கலந்த கிரீமை இரவில் போடச் சொல்லி, சில வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். கால் ஆணியைத் தோண்டுவதும், சதைக்குள் வளர்ந்த நகத்தை அறுப்பதும் நம் வேலை அல்ல.

மெட்டியைக் கழற்றப் பலரும் தயங்குவார்கள், கேட்டு வற்புறுத்தவும் கூடாது. அதன்மேல் காகித டேப் சுற்றிவிட்டு, அந்த விரலுக்குச் சிறிய பிட்டை எடுங்கள். சுழலும் பிட் வெள்ளியில் பட்டால் துள்ளித் தோலுக்குப் போகும். இடமே இல்லையென்றால் அந்த ஒரு விரலுக்குக் கை அரம்.

வெட்டுப்பட்டால், சுட்டால்

மெஷினின் மிதியிலிருந்து காலை எடுங்கள், மெஷின் நிற்கட்டும். கையுறை போட்ட கையால் சுத்தமான பஞ்சை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். கழுவி, ஆன்டிசெப்டிக் தடவி, மூடுங்கள். அந்த பிட்டைத் தனியே எடுத்து வையுங்கள், அன்றைக்கு அது யாருக்கும் கிடையாது. அந்த விரலில் பூச்சு வேண்டாம். நகத்தில் பள்ளம் விழுந்துவிட்டால் சொல்லிவிடுங்கள். மறைத்துப் பூசினால் அடுத்த பார்லரில் தெரியும். மெலிந்த இடத்தில் பேஸ் கோட் உறையும்போது, ஜெல்லை உறையவைக்கும் விளக்குக்குள் சுடும் என்பதையும் சொல்லி, விரலை உள்ளே வைத்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

பிட்டைச் சுத்தம் செய்வது

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளி பிட்டின் பள்ளத்தில் உலர்ந்திருந்தாலே போதும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுப்பது சுத்தம் இல்லை.

முதலில் பிரஷ், சோப்பு, தண்ணீர். தூசி ஒட்டிய பிட்டில் எந்தக் கிருமிநாசினியும் உள்ளே போகாது. அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் இந்த வேலை எளிது. ஈரத்தைத் துடைத்துவிட்டு, கருவிகளுக்கான கிருமிநாசினியில் முழுக்க மூழ்கவிட்டு, புட்டியில் சொன்ன நேரம் வரை வையுங்கள். பல மருந்துகளுக்கு 10 நிமிடம். அலசி உலர்த்தியபின் ஆட்டோகிளேவ் இருந்தால் பையில் போட்டு 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். தோலைத் தொடும் பிட்டுகளுக்கு இது இருந்தே ஆக வேண்டும் என்பேன். நீல விளக்கு எரியும் யு.வி. பெட்டி, சுத்தமானதை வைக்கும் அலமாரி மட்டுமே. வெளிச்சம் படாத பள்ளத்தில் அது எதையும் கொல்லாது. பிட்டுகளை ஈரத்தோடு மூடிவைத்தால் துருப்பிடிக்கும், துரு கண்டது குப்பைக்கு.

மழுங்கிய பிட்டையும் தூக்கிப் போடுங்கள். வழக்கமான வேகத்தில் வெட்டாமல் சூடு மட்டும் கிளம்பினால் அதன் காலம் முடிந்தது. டைமண்டில் துகள் உதிர்ந்து உலோகம் பளபளப்பாகத் தெரியும்.

ஹேண்ட்பீஸ்

நாள் முடிவில் மென்பிரஷ்ஷால் தூசி தட்டி, வெளிப்புறத்தைத் துடையுங்கள். உள்ளே திரவம் எதுவும் தெளிக்காதீர்கள். தயாரிப்பாளர் சொல்லாமல் எண்ணெய் விடவும் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பசையாகி பேரிங்கை அடைக்கும். பிட் இல்லாமல் ஓட்டினாலோ, ஓடும்போது பூட்டைத் திறந்தாலோ பிடிப்பு தேயும். கீழே விழுந்த ஹேண்ட்பீஸை மறுபடி ஆட்டச் சோதனை செய்யாமல் கஸ்டமரிடம் கொண்டுபோகக் கூடாது. பத்து நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாத சூடு, கிறீச்சிடும் ஓசை, பிட் தானாக நழுவுவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தால் அன்றே சர்வீஸுக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை கை அரத்தால் ராவுங்கள்.